உச்சிமாகாளியின் கையில் ஒன்பது பேர்

குற்றாலநாதர் சத்தியமாக, என் இரண்டு கண் சத்தியமாக, புரை எடுத்த இடது கண் கூடுதல் சத்தியமாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தென்காசிக் கோபுரம் ஒரு தடவை காற்றில் சாயப் பார்த்தது, நான்தான் முதுகு கொடுத்து நிறுத்தினேன் என்று முன்பு சொன்னேனே, அதிலாவது காற்று கொஞ்சம் அதிகமாக வீசியிருக்கலாம். இதில் அதுவும் இல்லை.

விஷயம் இதுதான். மேலகரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரன் இசக்கிதுரை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவன். அவன் மனைவி குருவம்மாள் கோபித்துக்கொண்டு சிவகிரியில் அண்ணன் வீட்டில் போய் இருந்தாள். அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா என்பதுதான் கதை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடந்த கூத்து.

கோபம் என்று சொன்னது சரியில்லை. பயம்.

சில வருஷங்களுக்கு முன்னால் துரைக்குத் தூக்கம் நின்றுபோனது. தூங்காத மனுஷன் வாடிப்போவான் என்றுதான் நாம் நினைப்போம். இவன் செழித்தான். முகத்தில் அப்படி ஒரு களை. விடிவதற்குள் தெருவையே கூட்டிவிடுவான், பல் விளக்குவதற்குள் நாலு திட்டம் சொல்லுவான். அதில் ஒரு திட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. அருவித் தண்ணீரெல்லாம் ஊரான் முதுகில் விழுந்து வீணாகிறது, தான் பிறந்த ஊரான திருவேங்கடத்தில் சோளம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஆகவே குற்றாலத்தை அங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் ஜேசிபி வந்தது. தன் வீட்டு வாசலிலிருந்தே தோண்ட ஆரம்பித்தான். அருவி மேற்கே இருக்கிறது, நீ கிழக்கே தோண்டுகிறாயே என்று கேட்டேன். பாதையைப் போட்டு வைத்தால் தண்ணீர் தானாகத் தேடிக்கொண்டு வரும் என்றான். அவன் சொன்ன தோரணையில் ஜேசிபி டிரைவர் ஒத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் மத்தியானம் வரைக்கும் நானும் ஒத்துக்கொண்டிருந்தேன். பள்ளம் தெருமுனையைத் தாண்டிப் போனது. அதில் ஊறிய தண்ணீரில் பிறகு ஆட்கள் தூண்டில் போட்டு விரால் பிடித்தார்கள். நானே ஒன்று வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன், நான் சைவம் என்றாலும்.

குருவம்மாள் மறித்தாள். நாட்டு நலனுக்குக் குறுக்கே நிற்காதே என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னான். வண்டி திரும்பியதில் சமையல்கட்டுச் சுவர் விழுந்தது. உள்ளே அவள் இருந்தாள். ஒரு முழம் தள்ளி நின்றாள், அதனால் இந்தக் கதையில் இருக்கிறாள்.

அதற்கப்புறம் துரை அப்படியே தலைகீழாக மாறிப்போனான். ஒரு பூப்போகம், அதாவது நெல் நட்டு அறுக்கிற காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். குளிக்கவில்லை, பேசவில்லை. தென்காசியில் டாக்டர் பார்த்துவிட்டு இருமுனைக் கோளாறு என்று பேர் சொன்னார். ஒரு முனையில் ஜேசிபி, மறு முனையில் சுவர். மாத்திரை கொடுத்தார். துரை பட்டாளத்துக்காரன், சொன்ன நேரத்துக்குச் சொன்ன மாத்திரையை விழுங்கினான். மெல்ல மெல்லத் தெளிந்தான். விழுந்த சுவரைத் தானே கட்டி, தானே வெள்ளையடித்தான். சிவகிரிக்குப் போய் வாசலில் நின்று, நான் நன்றாக ஆகிவிட்டேன், வீட்டுக்கு வா என்றான்.

துணைக்குப் போயிருந்த என்னிடம் அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

“நல்லாயிருக்கேன்னு சொல்லுதாக. எப்படி அண்ணாச்சி நம்ப? ஜேசிபியக் கொண்டாந்து நிப்பாட்டுன அன்னைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாக.”

துரையும் நானும் அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.  

அந்தச் சமயத்தில்தான் அஃப்ரின் வந்தாள். கடையநல்லூர்ப் பெண். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனநோயையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க ஊருக்கு வந்திருந்தாள். வாட்ச் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அதைக் கையில் கட்டிக்கொண்டால் நாம் எப்போது தூங்குகிறோம், எவ்வளவு நடக்கிறோம், கை எவ்வளவு ஆடுகிறது, நாடி எப்படி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் சென்னைக்குச் சொல்லிவிடும். இந்த மாதிரி மாநிலம் பூராவும் லட்சக்கணக்கான பேர் கட்டியிருந்தார்கள். அத்தனை பேர் தூக்கமும் நடையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் போய், இன்னாருக்கு நோய் திரும்பி வரப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை.

“மலையில மேகம் எறங்குனா சாரல் வரும்னு சொல்லுதீங்கல்லா தாத்தா? அது ஒரு நாள் மேகத்தப் பாத்துக் கண்டுபிடிச்சதா? எத்தனையோ வருசம் எத்தனையோ பேரு பாத்துப் பாத்துக் கண்டது. இதும் அப்படித்தான். நோய் வாரதுக்கு முன்னாடி மனுசங்கிட்ட என்ன மாறுதுன்னு, லட்சம் பேரப் பாத்து மிஷின் கத்துக்கிடுது.”

துரைக்கு இது பிடித்துவிட்டது. அவனைவிடக் குருவம்மாளுக்குப் பிடித்துவிட்டது. ஏனென்றால் அதில் ஒரு வசதி இருந்தது. நோயாளியின் வீட்டு ஆளுடைய போனிலும் வண்ணம் தெரியும். பச்சை என்றால் சரியாக இருக்கிறான். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் டாக்டரிடம் கூட்டிப்போ. சிவகிரியில் உட்கார்ந்துகொண்டே புருஷனின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இவர் வாய் சொல்லுவதை நம்ப மாட்டேன், அது சொல்லட்டும் என்றாள். ஆடி முடியும்வரை பச்சையாகவே இருந்தால் ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோய் இல்லாத ஆட்களும் வேண்டுமாம். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வட்டாரத்தில் மொத்தம் ஒன்பது பேர், நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்து. யார் எந்தப் பிரிவு என்று வெளியே சொல்லக்கூடாது. டீக்கடையில் கேட்டால் எல்லோரும் என்னைத்தான் நோயாளிப் பிரிவில் போடுவார்கள்.

பட்டைக்கு ஒரே ஒரு சட்டம். அஃப்ரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எண்ணெய் படக்கூடாது. ராத்திரியும் பகலும் கையிலேயே இருக்கவேண்டும். கழற்றி வைத்தால் கத்தும்.

சித்திரை, வைகாசி போனது. துரை பச்சை. ஆனி பிறந்தது, சாரல் விழுந்தது, துரை பச்சை. ஒன்பது பேரும் அதற்குள் சிநேகிதமாகிவிட்டோம். சாரல் விழுந்த பிறகு மேலகரத்தில் இருந்துகொண்டு வீட்டில் குளிப்பதற்கு என்ன வந்தது? தினமும் காலையில் பஸ் ஏறிக் குற்றாலம் போய்விடுவோம். போனால் பேரருவிக்கு முன்னால் எண்ணெய். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பவன் சுற்றுலா வந்தவன்.

எங்களுக்கு எண்ணெய் தேய்ப்பவர் உச்சிமாகாளி. முதுகில் அவர் தட்டும் சத்தம் ஐந்தருவிவரை கேட்கும், அங்கே உள்ளவன் தன்னைத்தான் தட்டுகிறார்கள் என்று எழுந்துவிடுவான். எண்ணெய்க்காரரிடம் மோதிரம், சங்கிலி, பர்ஸ் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவது அங்கே வழக்கம். அவர் மடியில் கட்டிவைத்திருப்பார், ஒன்றும் தொலைந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் நாங்கள் பட்டையையும் கழற்றிக் கொடுத்தோம். மடியில் வைத்தார். ஒன்பதும் ஒரே குரலில் கத்தின. குளிக்க வந்த கூட்டம் போலீஸ் வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தது.

யார் சொன்னது என்று இப்போது ஞாபகமில்லை, நானாகத்தான் இருக்கும். கையிலேயே இருக்கவேண்டும் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள், யார் கையில் என்று சொல்லவில்லையே? உச்சிமாகாளி ஒன்றை எடுத்துத் தன் முழங்கைக்கு மேலே, எண்ணெய் எட்டாத இடத்தில் மாட்டினார். அது அடங்கியது. அடுத்ததை மாட்டினார். அதுவும் அடங்கியது. கடைசியில் இரண்டு கையிலும் தோள்வரை ஏறி நின்றன. பார்க்க வளைகாப்புக்கு உட்கார்த்திவைத்த மாதிரி இருந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் கொடுப்போம். எண்ணெய், அருவி, ஈரத்துணி, மங்குஸ்தான் பழம், புரோட்டா, ஒரு மரத்தடித் தூக்கம். சாயங்காலம் ஊர் திரும்பும்போது வாங்கிக் கட்டிக்கொள்வோம். சட்டத்தை ஒருவரும் மீறவில்லை என்று எல்லோருக்கும் திருப்தி.

ஆடி பிறந்து அருவியில் கூட்டம் ஏறிய பிறகு ஒருநாள் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் சிவப்பானோம்.

சென்னையில் என்ன நடந்தது என்று அஃப்ரின் பிறகு சொன்னாள், அவள் சொல்லாமல் விட்டதை நான் ஊகித்துக்கொண்டேன். தென்காசி வட்டாரத்தில் ஒன்பது பேர், அதில் நோயில்லாதவர்களும் அடக்கம், உச்சகட்டக் கிளர்ச்சியில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. நாள் முழுக்கக் கை ஓயவில்லை. மனுஷக் கை அந்த வேகத்தில் அடித்து அது பார்த்ததே இல்லை. மத்தியானம் ஒன்பது பேரும் ஒரே நொடியில் தூங்கி, ஒரே நொடியில் விழித்து, ஒரே நொடியில் சொறிந்துகொண்டார்கள். மனநோய் தொற்றாது என்றுதான் உலகம் இதுவரை நம்பியிருந்தது. சாயங்காலக் காப்பிக்குள் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அருவிச் சத்தம் மூளையைக் கலக்குகிறது என்றார் ஒரு பேராசிரியர். மங்குஸ்தான் என்றார் இன்னொருவர். எல்லையில் இருக்கும் புளியரையில் ரோட்டை மறித்தால் கேரளாவையாவது காப்பாற்றலாம் என்று மூன்றாமவர் சொன்னதாக நான் நம்புகிறேன்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வீட்டில் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. சிவகிரி. நலம் விசாரிக்கவில்லை, எடுத்ததும் ஒரே கேள்விதான்.

“ஜேசிபி வந்துட்டா அண்ணாச்சி?”

எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் துரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். அவன் கீரை ஆய்கிறான் அம்மா என்றேன். என் பேச்சை நம்புவதற்கில்லை என்றாள். எவ்வளவு கீரை என்று கேட்டாள். ஒரு கட்டு என்றேன். ஒரு கட்டுதானா என்று மறுபடி கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

துரையிடம் சொல்லாமல் இருக்கமுடியுமா? அவன் போனிலும் சிவப்பு வந்திருந்தது. மிஷின் கோளாறாக இருக்கும், எனக்கும்தான் சிவப்பு என்று என் போனைக் காட்டினேன். என் சிவப்பைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. கீரையைக் கீழே வைத்தான்.

“போன தடவையும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு எப்படித் தெரியும்?”

உள்ளே போனான். திரும்பி வரும்போது கடப்பாரை, மண்வெட்டி, மாமியார் சீதனமாகக் கொடுத்த தேங்காய் உரிக்கும் பாரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தான். என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னான். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள், எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் கொடுக்காதீர்கள், நியாயமாகப் பேசினால் முக்கியமாகக் கொடுக்காதீர்கள் என்றான். அதுவரை பட்டையைக் கட்டிக்கொண்டு விளையாடியவன் நான். அன்று அவற்றை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி, பாயையும் இழுத்து மறைத்தேன்.

மறுநாள் காலை அஃப்ரின் வந்து இறங்கினாள். பேராசிரியர்கள் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண் மட்டும் நாடித்துடிப்பை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்பதும் ஒரே கோடாக இருந்திருக்கிறது. நோய் வேண்டுமானால் ஒன்பது பேருக்கு ஒரே மாதிரி வரும், ஒன்பது பேருக்கு ஒரே இதயம் இருக்காது என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. பகலில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்வதற்குப் பதிலாக அவளையும் குற்றாலம் பஸ்ஸில் ஏற்றினோம்.

குற்றாலத்தில் உச்சிமாகாளி அப்போது யாரோ ஒரு மதுரைக்காரர் முதுகை நொறுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நாங்கள் கழற்றிக் கொடுத்ததும் பட்டைகள் அவர் தோள்வரை ஏறி மின்னின. அஃப்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டைகளை எண்ணினாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் உங்களை முற்றிய நோயாளி என்று சொல்கிறது என்று அவரிடம் விளக்கினாள். அவர் கையை நிறுத்தவில்லை.

“சீசன்ல அப்படித்தாம்மா இருக்கும். மாசியில வந்து பாருங்க, செத்த பொணம்னு சொல்லும். படுத்தா எந்திரிக்க மாட்டேன்.”

அஃப்ரின் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஒரு ஊரே மழைக்கு எழுந்து வெயிலுக்குப் படுத்தால், அதற்கு நோயென்று பேர் வைத்துவிடுமே இந்த மிஷின் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதையும் அதற்குக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றாள். உச்சிமாகாளியையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டாள். அவருக்கென்று ஒரு பட்டை கொடுத்தாள். அவர் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கேயே பாறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, பட்டை உச்சிமாகாளி கையில் இருந்த நேரத்தையெல்லாம் கழித்துவிட்டு, துரையின் ராத்திரிகளை மட்டும் தனியே எடுத்தாள். துரை கைகட்டி நின்றான். சாரலில் எல்லோருக்கும் குளிர், அவனுக்கு மட்டும் நெற்றியில் வேர்த்திருந்தது.

இந்த நோய் வரும்போது முதலில் தூக்கத்தைத்தான் தின்னும் என்று அஃப்ரின் சொன்னாள். அப்புறம் திரையை அவன் பக்கம் திருப்பினாள். “இது ஒங்க கை, ஒங்க தூக்கம். ஒரு நாள்கூடக் கொறையல மாமா. பச்சைதான்.”

துரை நேராகப் போய்ப் பேரருவிக்குள் நின்றான். சட்டையோடு. வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. அருவியில் நின்றால் எல்லோருக்கும் கண் சிவக்கும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். குருவம்மாள் நினைக்கவில்லை. மறுபடி பச்சை வந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இது என்ன ரோட்டு சிக்னலா, சிவப்புக்கு அப்புறம் பச்சை போடுவதற்கு என்றாள். உச்சிமாகாளி கதையைச் சொன்னேன். அது முழுக்க உண்மை என்பதால் அவள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. பேச்சு ஓடட்டும் என்று, வாய்தவறிக் கடப்பாரை விஷயத்தைச் சொன்னேன்.



“அவுகளாவா கொண்டாந்து குடுத்தாக?”

அவனாகத்தான் என்றேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கட்டிலுக்கடியில் கிடந்ததை எடுத்து அனுப்பினேன். முனை வளைந்திருந்தது, அந்தப் பழைய பள்ளத்தில் பாறையில் பட்டு வளைந்தது. அது அவள் வீட்டுக் கடப்பாரைதான் என்று தெரிந்துகொண்டாள்.

“பயந்தாகளா அண்ணாச்சி?”

பயந்தான் என்றேன்.

“போன தடவ அவுக பயப்படவே இல்ல. நான் ஒருத்திதான் பயந்தேன்.” போட்டோவை மறுபடி பார்த்தாள் போல. “அப்ப நல்லாத்தான் இருக்காக.”

ஆவணிக்குக் காத்திருக்கவில்லை. ஆடியிலேயே, அடுத்தநாள் மத்தியானம் சிவகிரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். வாங்க என்று சொல்லக்கூட விடவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து கடப்பாரையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். எதிர்வீட்டில் கதவைச் சாத்தினார்கள். துரை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆயுதத்தோடு ஆள் வந்தால் என்ன செய்வதென்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

“கையக் கீழ எறக்குங்க,” என்றாள் குருவம்மாள். “பொறவாசல்ல முருங்கைக்குக் குழி போடணும். முழங்கால் ஆழம் போதும்.”

நான் மதில்வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்கமுடியவில்லை. துரை தோண்டினான். முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தினான். நிமிர்ந்து, போதுமா என்று கேட்டான். அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள் என்று நினைக்கிறேன். போதும் என்றாள். அவன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். தான் கட்டிய சமையல்கட்டுக்குள்தான். முருங்கைக் கொப்பை அவளே நட்டாள். மேலே சாரல் விழ ஆரம்பித்தது, தண்ணீர்கூட ஊற்றவேண்டியிருக்கவில்லை.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வருஷம் ஆனியிலும் ஆடியிலும் பேரருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை, எண்ணெய் தேய்ப்பவர்கள் எல்லோரும் வேறு வேலை தேடிக் கேரளாவுக்குப் போயிருந்தார்கள்.